பென்சில் கோடு போட்டால் விமானம் போச்சு!

அமெரிக்காவில் பலர் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் கட்டுகிறார்கள். பொம்மை அல்ல, ஆள் ஏறிப் பறக்கிற விமானம்! பாதிக்கு மேல் சொந்தக் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இவர்கள் அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போட மாட்டார்கள். ஏன்?

டார்ச் லைட் பாட்டரியை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் துத்தநாகத் தகடு. தகடு கரைந்தால்தான் வெளிச்சம். பென்சில் முனையும் கரி ஜாதிதான். ஈரம் பட்டால் அதே கதை. கோட்டின் வழியே அலுமினியம் அரித்துப் போகும். அதனால் மைப் பேனாதான்.

"அலுமினியம் துருப்பிடிக்காதே சார்?" என்பீர்கள். சுத்த அலுமினியம் தாங்கும். ஆனால் பலம் போதாது. பலத்துக்குச் செம்பு சேர்க்கிறார்கள். கூடவே அரிப்பும் வந்துவிடுகிறது! அதற்காக இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தித் தகடு செய்கிறார்கள். ஆழமாகக் கீறினால் தோல் போச்சு.

மூடிய இறக்கை

இறக்கையை ரிவெட் அடித்து மூடிவிட்டால் உள்ளே கை போகாது. அதற்கு முன்பே பிரைமர் பூசிவிட வேண்டும். பழைய ஜிங்க் குரோமேட் பிரைமர் நல்ல காவல்காரன்தான். ஆனால் புற்றுநோய் தரும் சரக்கு. இப்போது பலர் எபாக்சி பூசுகிறார்கள்.

கம்பெனி விமானத்துக்கும் இந்தப் பயம் உண்டு. 1988 ஏப்ரல் 28-ல், ஹவாய்த் தீவுகளின் உப்புக்காற்றில் ஓடிய போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் பலி. தகடுகள் சேரும் இடத்தில் ஒட்டு விட்டு, அரிப்பு ஏறி, விரிசல் ஓடியிருந்தது.

ஏறும்போதே ஒரு பயணி அந்த விரிசலைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.