பங்குகளும் எண்ணிக்கைகளும்: நூற்றுவீதங்களை வாசித்தல் பற்றிச் சில குறிப்புகள்

சொற்களையும் கருப்பொருள்களையும் எண்ணி, அவற்றை நூற்றுவீதமாக்கி முடிவு கூறும் முறை இலக்கிய ஆய்வில் இன்று பெருகி வருகின்றது. அகநிலை விருப்புவெறுப்புகளுக்கு அது ஒரு கடிவாளமாக அமைவதால் வரவேற்கத்தக்கதே. எனினும், ஒரு முழுமையின் பங்குகளாக அமையும் எண்கள் ஏனைய எண்களைப் போன்றவையல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஒரு சஞ்சிகை ஓராண்டில் 20 கவிதைகளையும் 10 சிறுகதைகளையும் 10 கட்டுரைகளையும் வெளியிட்டதெனக் கொள்வோம். மறு ஆண்டில் கட்டுரைகள் 50 ஆகின்றன; ஏனையவை மாறவில்லை. ஆயினும் கவிதையின் பங்கு 50 வீதத்திலிருந்து 25 வீதமாகக் குறைகின்றது. இதைக் கொண்டு கவிதை நலிந்தது என எழுதும் விமர்சகர், நிகழாத ஒன்றுக்குச் சமூகக் காரணம் தேடுபவராகிவிடுகின்றார். பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் 100 ஆதலின், ஒன்று உயர ஏனையவை ஒருங்கே தாழ்ந்தே தீரும். பொதுவான பகுதியெண்ணைக் கொண்ட விகிதங்களுக்கிடையே போலியான இணைவு தோன்றக்கூடும் எனக் கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்திருந்தார்.

இச்சிக்கலுக்கு முறையான வழியொன்றை ஜோன் எய்ச்சிசன் 1982இல் ஒரு கட்டுரையிலும் 1986இல் ஒரு நூலிலும் வகுத்தளித்தார். பங்குகளைத் தனித்தனியே நோக்காது, அவற்றுக்கிடையிலான விகிதங்களின் மடக்கையை ஆராய்வதே அவ்வழி. மடக்கையில் இருமடங்காதலும் பாதியாதலும் எதிர்த்திசையில் சம தூரங்களாகின்றன. மேற்கண்ட சஞ்சிகையில் கவிதைக்கும் சிறுகதைக்குமான விகிதம் இரு ஆண்டுகளிலும் 2:1 ஆகவே நிற்கின்றது. மாற்றம் கட்டுரை சார்ந்தது என்பது புலனாகின்றது. ஆனால் கட்டுரை பெருகியதா, ஏனைய இரண்டும் சமமாக அருகினவா என்பதை விகிதம் மட்டும் கூறாது. அதற்கு மொத்த எண்ணிக்கையும் வேண்டும்.

எண்ணிப் பெற்ற தரவுகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. 2:1 என்பதும் 200:100 என்பதும் விகிதத்தால் ஒன்றே, நம்பகத்தால் ஒன்றல்ல. பூச்சியத்துக்கோ மடக்கையே இல்லை. பூச்சியத்தின் பொருளை விளக்க, 1787–88இல் அமெரிக்காவில் வெளிவந்த 85 'பெடறலிஸ்ற்' கட்டுரைகள் தக்க சான்றாகும். அவற்றுள் 12இன் ஆசிரியர் ஹமில்ரனா மடிசனா என்பது சர்ச்சைக்குரியதாயிருந்தது. மொஸ்ரெல்லரும் வாலஸும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், சிறு இடைச்சொற்களை எண்ணி, அவை மடிசனுடையவை என்பதே பெரிதும் சாத்தியம் எனக் காட்டினர். 'அப்பொன்' என்ற ஆங்கிலச் சொல்லை ஹமில்ரன் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ 3 தடவை பயன்படுத்தினார். மடிசனிடம் அது மிக அரிது. ஆகவே 2000 சொற்கள் கொண்ட கட்டுரையொன்றில் அச்சொல் இல்லாமை வலுவான சான்று. 200 சொற்கள் கொண்ட பகுதியொன்றில் அதே இல்லாமை ஏதும் உணர்த்தாது.

சொற்கள் ஒரு சீராகப் பரவுவதில்லை, திரண்டே வருகின்றன என்பதையும் அவ்விருவரும் கணக்கிற்கொண்டனர். எளிய புவாசோன் பரம்பலோடு நில்லாது எதிர் ஈருறுப்புப் பரம்பலைக் கையாண்டனர். பல வகைகளை ஒருங்கே எண்ணுமிடத்து இத்தகைய பணியை ஆற்றுவது, மொசிமன் 1962இல் ஆராய்ந்த கூட்டுப் பல்லுறுப்புப் பரம்பலாகும். எண்ணிக்கையின் அளவையும் பூச்சியத்தின் தற்செயலையும் அது ஒருசேர உள்ளடக்குகின்றது.

பத்துப் பக்கங்களில் தொழிலாளி பேசப்படவில்லை என்பதைக் கொண்டு அக்காலத்து இலக்கியத்திலேயே அவன் இல்லை எனத் தீர்ப்பளித்தல் தகாது. எத்தனை பக்கங்களைப் பார்த்தோம் என்பதைக் கூறாத நூற்றுவீதம் விஞ்ஞானத்தின் தோற்றத்தைத் தருமேயன்றி, விஞ்ஞானத்தைத் தராது.