பாறையின் பார்ட்னர்ஷிப் கணக்கு!

ஓசூர் பக்கம் சானமாவு என்றாலே யானையைத்தான் விசாரிப்பார்கள். கல்லை யார் சார் விசாரிக்கிறார்கள்?

இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல பாறைகளுக்கு வயசு சுமார் 250 கோடி வருடம்! பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறும்போது, முதலில் இறுகும் தாதுக்கள் பொட்டாசியத்தை அண்ட விடுவதில்லை. பாயசம் சுண்டச் சுண்டத் தித்திப்பு ஏறுகிற மாதிரி, மிச்சக் குழம்பில் அது ஏறிக்கொண்டே போகும். கடைசியில் கிரானைட்டில் ஃபெல்ஸ்பாராக உட்கார்ந்துவிடும்.

பொட்டாசியத்தில் 39, 40, 41 என்று மூன்று பங்காளிகள். நூற்றுக்கு 93 பங்கு 39-க்கு. ஏறக்குறைய 7 பங்கு 41-க்கு. 40-க்கு வெறும் சில்லறை. அத்தனை சூட்டிலும் 39, 41 பங்கு அநேகமாக மாறுவதில்லை. முதல் ஏறினாலும் விகிதம் அப்படியே! பி.காம். படித்த எனக்கே புரிகிற கணக்கு. எரிமலைக் கல்லில் விகிதம் கொஞ்சம் பிசகினால், கடலடி வண்டல் ஏதும் கலந்ததோ என்று விஞ்ஞானிகள் ஆடிட்டர் மாதிரி துருவுகிறார்கள்.

அந்தக் கணக்குப் புத்தகத்தை அறுத்து மேடை போட்டு, அதன்மேல்தான் நாம் வெங்காயம் நறுக்குகிறோம்!