இட்லி குண்டானுக்குள்ள வெள்ளை, கறுப்பு, குழி... அலுமினியப் பாத்திரத்துல டாய்லெட் ஆசிட் ஊத்தலாமா?

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் உப்புத் தண்ணி வர்ற போர் உள்ள வீடா உங்க வீடு? இட்லி குண்டானைக் கொஞ்சம் திறந்து பாருங்க. அடியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா ஒரு படிவு இருக்கும். அதுக்கு மேல தண்ணி மட்டம் நிக்கிற இடம் வரைக்கும் கறுப்பு. கொஞ்சம் பழைய குண்டானா இருந்தா, ஊசியால குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகளும் தெரியும்.

மூணையும் சேர்த்து நாம ‘கறை’ன்னு ஒரே பேர்ல சொல்லிடுறோம். தேய்ச்சுத் தேய்ச்சு ஸ்க்ரப்பர் தோத்துப்போனதும் கை நேரா பாத்ரூம் பக்கம் போகுது. டாய்லெட் கழுவுற ஆசிட்டை ரெண்டு மூடி ஊத்தினா ‘ரெண்டே நிமிஷத்துல பளபள’ன்னு ரீல்ஸும் சொல்லுது. பளபளன்னு ஆகுறது உண்மைதான். ஆனா அப்போ போறது கறை மட்டும் இல்ல, பாத்திரமும் சேர்ந்து கரையுது.

வெள்ளை, கறுப்பு, குழி மூணும் வேற வேற சமாச்சாரம். வெள்ளை கழுவினா போகும். கறுப்பை அப்படியே விட்டாலும் பாதகமில்லை. குழி மட்டும் எதைப் போட்டாலும் போகாது.

மெல்லிய கவசம்

அலுமினியம் உண்மையில சட்டுனு வினைபுரியுற உலோகம். அப்புறம் எப்படி வருஷக்கணக்கா அடுப்புல தாக்குப்பிடிக்குது? காத்து பட்ட உடனே அதோட மேற்பரப்புல அலுமினியம் ஆக்சைடு ஒரு படலமாப் படிஞ்சிடும். தடிமன் சில நானோமீட்டர்தான். இரும்புத் துரு மாதிரி உதிராம, தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு உள்ளே இருக்கிற உலோகத்தைக் காப்பாத்தும். சுரண்டினாலும் திரும்ப வளர்ந்துடும்.

இந்தத் தோலுக்கு ஒரு பலவீனம் உண்டு. கிட்டத்தட்ட பி.ஹெச் 4-லிருந்து 9 வரைக்கும்தான் அது நிலையா இருக்கும். அமிலம் கடுமையானாலும் கரையும், காரம் கடுமையானாலும் கரையும். எவர்சில்வரைத் தேய்க்கிற பழக்கத்துல அலுமினியத்தைத் தேய்ச்சா அடிவாங்குறது இதனாலதான்.

இந்தப் பாத்திரத்துக்கும் நம்ம ஊருக்கும் பழைய உறவு. 1898-ல ஆல்ஃபிரட் சேட்டர்டன் என்ற இன்ஜினீயரிங் பேராசிரியர், சென்னை ஓவியப் பள்ளியில அலுமினியப் பாத்திரம் செய்யுற வேலையை ஆரம்பிச்சார். இந்தியாவுல அலுமினியப் பாத்திரத் தொழிலோட தொடக்கம்னு அதைத்தான் சொல்றாங்க. அந்தப் பள்ளிதான் இன்னைக்கு சென்னையில இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரி.

வெள்ளை: இது தண்ணியோட கையெழுத்து

பாலாறு வருஷத்துல பெரும்பாலான நாள் மணலாத்தான் கிடக்கும். தண்ணி நிலத்துக்கு அடியில. மண்ணையும் பாறையையும் தாண்டி வர்ற தண்ணி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைச்சு எடுத்துட்டு வரும். கொதிக்க வைக்கும்போது கால்சியம் பைகார்பனேட் பிரிஞ்சு, கால்சியம் கார்பனேட்டா அடியில படியும். குடிநீர்ல மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தா ஏத்துக்கலாம், வேற வழியில்லைன்னா 600 வரை போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதைத் தாண்டின போர் தண்ணியில ஒரே மாசத்துல குண்டான் வெளுத்துடும்.

இந்தப் படிவைக் கரைக்க மென்மையான அமிலம் போதும். மளிகைக் கடையில ‘எலுமிச்சை உப்பு’ன்னு கேட்டா சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு, குண்டானிலேயே சூடு பண்ணி, அடுப்பை அணைச்சிட்டு இருபது நிமிஷம் விடுங்க. புசுபுசுன்னு குமிழ் வரும். அது கார்பன் டை ஆக்சைடு, பயப்பட வேண்டாம். தண்ணியைக் கொட்டிட்டு, நைலான் ஸ்க்ரப்பரால தேய்ங்க. தடியான படிவுன்னா மறுபடி ஒரு தடவை. கத்தி, ஸ்பூன் வச்சு நெம்பாதீங்க. கீறல் விழுந்த இடத்துல அடுத்த படிவு இன்னும் இறுக்கமா உட்காரும். ராத்திரி முழுக்க ஊறவைக்கவும் வேண்டாம். படிவு தீர்ந்ததும் அமிலம் உலோகத்தைத் தொட ஆரம்பிச்சிடும்.

கறுப்பு: பார்க்கத்தான் அசிங்கம்

கொஞ்சம் காரத்தன்மையுள்ள தண்ணி திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது ஆக்சைடு படலம் தடிக்கும், தண்ணியில உள்ள தாதுக்களும் அதுல சேர்ந்துக்கும். அதுதான் கறுப்பா தெரியுது. அதனால பாத்திரத்துக்குக் கெடுதல் இல்லை. உள்ளே இருக்கிற உலோகத்துக்குப் பாதுகாப்புன்னே சொல்லலாம்.

இதை நம்ம வீட்டுப் பெரியவங்க வேதியியல் படிக்காமலே சமாளிச்சாங்க. இட்லி குண்டான் தண்ணியில ஒரு புளிக்கொட்டையளவு புளியோ, பிழிஞ்ச எலுமிச்சம்பழத் தோலோ போடுறது அதுக்குத்தான். தண்ணி லேசா புளிப்பா இருந்தா கறுப்பு ஏறாது. ஏறின கறுப்பையும் இதே தண்ணி கொதிச்சு எடுத்துடும். குக்கருக்குள்ள கிண்ணம் வச்சு சமைக்கிறப்பவும் இதையே செய்யலாம்.

ரீல்ஸ்ல நேர் எதிரா ஒண்ணு ஓடுது. சோடா உப்பைத் தூவி, மேலே வினிகர் ஊத்தி, நுரை பொங்குறதை க்ளோஸ்-அப்ல காட்டுவாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அமிலமும் காரமும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு, கடைசியில மிஞ்சுறது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணி. வினிகரைத் தனியா ஊத்தியிருந்தா இதைவிட நல்லா வேலை செஞ்சிருக்கும். சோடா உப்பை மட்டும் போட்டுக் கொதிக்க வச்சா அலுமினியம் இன்னும் கறுக்கும். வாஷிங் சோடா, விறகுச் சாம்பல் ரெண்டும் காரம்தான். சாம்பலைத் தொட்டு லேசா தேய்ச்சு உடனே கழுவினா பரவாயில்லை. பூசி ஊறப்போடக் கூடாது.

கறுப்பை எடுத்தே ஆகணும்னு தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினா, அதே பாத்திரத்துல உடனே புளிக்குழம்பு வைக்காதீங்க. புதுசா வெளிப்பட்ட உலோகம் கூடுதலா கரையும். முதல்ல ஒருமுறை வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சுக் கொட்டிடுங்க.

குழி: இதுக்கு வைத்தியம் கிடையாது

உப்புல உள்ள குளோரைடு, ஆக்சைடு தோல்ல ஒரு சின்ன பலவீனமான இடத்தைக் கண்டுபிடிச்சு ஓட்டை போடும். ஒருமுறை ஆரம்பிச்சா அந்தப் புள்ளியிலேயே ஆழமா அரிச்சுக்கிட்டுப் போகும். உப்புப் போட்ட கஞ்சி, மோர் ஊத்தின பழைய சோறு, மீந்த சாம்பார்... இதையெல்லாம் ராத்திரி முழுக்க அலுமினியச் சட்டியில வைக்கிறதுதான் பெரும்பாலும் காரணம். சமைக்கலாம், சேமிச்சு வைக்கக் கூடாது. ஈரமான அலுமினியப் பாத்திரத்துமேல எவர்சில்வர், பித்தளைப் பாத்திரத்தை அடுக்கி வைக்கிறதும் அரிப்பைக் கூட்டும். வேற வேற உலோகம் ஈரத்துல தொட்டா அலுமினியம்தான் முதல்ல கரையும்.

குழி விழுந்த குண்டானைத் தண்ணி ஊத்தி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க. கசிஞ்சா கதை முடிஞ்சது. குழி விழுந்தது பிரஷர் குக்கர்னா கசியுற வரைக்கும் காத்திருக்கவே கூடாது. உள்ளே சுமார் 120 டிகிரி சூடும், சதுர சென்டிமீட்டருக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ அழுத்தமும் இருக்கு. ஆழமா அரிச்ச குக்கரை, வாங்கி எத்தனை வருஷம்னு கணக்குப் பார்க்காம மாத்திடுங்க.

ஆசிட் பாட்டில்

டாய்லெட் க்ளீனர்கள் பலதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அது அலுமினியத்தைக் கரைச்சு ஹைட்ரஜனை வெளியேத்தும். சிங்க் அடைப்பு எடுக்கிற பவுடர்ல இருக்கிற காஸ்டிக் சோடாவும் அதையேதான் செய்யும், இன்னும் வேகமா, கொதிக்கிற சூட்டோட. ஹைட்ரஜன் தீப்பிடிக்கிற வாயு. பக்கத்துல கேஸ் அடுப்பு எரியுற சமையலறைன்னு நினைச்சுப் பாருங்க. மூடி போட்டு ஊறவச்சா வாயு உள்ளேயே அடைபடும். ஆசிட் ஊத்தியும் போகலையேன்னு ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்தா வர்றது குளோரின் வாயு. அது நேரா நுரையீரலைத் தாக்கும்.

கையிலயோ கண்ணுலயோ பட்டுட்டா, ஓடுற தண்ணியில குறைஞ்சது 15 நிமிஷம் கழுவணும். எலுமிச்சை, சோடா எதையும் மேலே போடக் கூடாது. மூச்சு அடைச்சா உடனே வெளியே வந்து 108-க்குப் போன் பண்ணுங்க.

இந்த ஆசை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்க ஏரிகள்ல ஓடுற பான்டூன் படகுகள் மிதக்கிறதே நீளமான அலுமினியக் குழாய்கள் மேலதான். சீசன் முடிஞ்சு கரையேத்தினா, குழாய் முழுக்க பாசியும் சுண்ணாம்புப் படிவும் காய்ஞ்சு ஒட்டியிருக்கும். அதைப் போக்க விக்கிற சில ‘அலுமினியம் பிரைட்னர்’கள்ல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கு. தோல்ல பட்டப்போ சில சமயம் எரிச்சல்கூட தெரியாது. சில மணி நேரம் கழிச்சு வலி ஆரம்பிக்கும்போது அது எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும். ஏசி காயில், லாரி வீல் கழுவ விக்கிற சில கெமிக்கல்கள்லயும் இது உண்டு. லேபிள்ல அந்தப் பேர் இருந்தா வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீங்க.

காயலான் கடைக்கு முன்னாடி

குழி விழுந்த குண்டானைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுக்குக் காசு உண்டு. தாதுவிலிருந்து புதுசா அலுமினியம் எடுக்கத் தேவைப்படுற மின்சாரத்தோட ஒப்பிட்டா, பழசை உருக்க 5 சதவிகிதம் அளவு எரிசக்தி போதும். ஆனா எந்தப் பழசை உருக்கினாங்கன்னு தெரியாத பாத்திரத்தைச் சமையலுக்கு வாங்குறதுல சிக்கல் இருக்கு. ஸ்கிராப்போட மத்த உலோகங்களும் கலந்துடலாம். இந்தியாவிலிருந்து போன சில அலுமினிய, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவுல கலக்குதுன்னு 2025-ல அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிச்சது. கிராமத்துல அலுமினியத்தையே ‘ஈயச்சட்டி’ன்னு கூப்பிடுறது வெறும் பேர்ப் பழக்கம்தான். சட்டியில நிஜமாவே காரீயம் இருக்கான்னு கண்ணால பார்த்தோ தட்டிப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. அதனால தெருவுல எடைக்கு எடை மாத்திக் கொடுக்கிற பேர் தெரியாத சட்டியைவிட, தயாரிச்சவங்க பேரும் ஐ.எஸ்.ஐ முத்திரையும் உள்ளதைக் கடையில பார்த்து வாங்குங்க. கூடவே ஒரு பாக்கெட் எலுமிச்சை உப்பும்.