இணையவழிக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும்

நமது கலாசாலைகளில் இணையவழிக் கல்வி இனித் தற்காலிக ஏற்பாடன்று. ‘ஸ்வயம்’ என்னும் தளம் 2017-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆந் தேதி ஆரம்பிக்கப்பட்டது. ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 பங்கு வரை இவ்வழியே பயிலலாம் என்று 2016-இல் விதி செய்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் அதை 40 பங்காக உயர்த்திவிட்டது. படிப்பில் ஐந்தில் இரண்டு பங்கை நேரில் கண்டறியாத ஆசிரியரிடம் மாணாக்கர் கற்கலாமென்றால், அவ்வாசிரியர் அவர்களிடம் பேசும் முதற்பேச்சு எத்தன்மையது என்று விசாரிப்பது அவசியமாகின்றது.

அம்முதற்பேச்சு பாடத்திட்டப் பத்திரமேயாகும். வகுப்பறையில் பத்திரம் கடுமையாயிருந்தாலும் ஆசிரியரின் முகமலர்ச்சி அதை ஈடுசெய்துவிடும். இணையவழியிலோ பத்திரமே முகம். ஆயினும் நம் பத்திரங்களிற் பல, பாடத் தலைப்புகளின் ஜாபிதாவும் தண்டனைகளின் அட்டவணையுமாகவே விளங்குகின்றன. கோர்ட்டு நோட்டீசுகளோடு பழகிய எமக்கு அத்தொனி புதிதன்று. பிரதிவாதிக்கு எழுதும் பாஷையில் மாணாக்கனுக்கு எழுதலாமோ?

இது வெறும் மரியாதை விஷயமென்று எண்ணலாகாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹார்னிஷ், பிரிட்ஜஸ் என்னும் இருவர் ஒரே பாடத்தின் திட்டத்தை இருவகைத் தொனியில் எழுதி மாணாக்கருக்கு அளித்துச் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். இனிய தொனியிற் படித்தோர், ஆசிரியரை அன்பும் ஊக்கமும் உடையவரென்றும் எளிதில் அணுகத்தக்கவரென்றும் மதித்தனர். இதனால் மாணாக்கர் அதிக மார்க்கு வாங்குவர் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால், அணுகலாமென்ற நம்பிக்கை இன்றிச் சந்தேகம் கேட்கும் மாணாக்கர் எத்தனை பேர்? ‘ஸ்வயம்’ பாடத்துக்குக் காணொளி, எழுத்துப் பாடம், பரீட்சை, கலந்துரையாடல் என நான்கு அங்கங்கள் வகுத்துள்ளனர். அழைப்பு இல்லாவிடில் நான்காவது அங்கம் வாளா கிடக்கும்.

வரவேற்பு என்றால் கண்டிப்பைத் தளர்த்துவது என்று சிலர் அஞ்சுகின்றனர். அது பொருந்தாது. “காலங்கடந்த விடைகள் ஏற்கப்படா” என்பது ஒரு விதி. “வெள்ளிக்கிழமைக்குள் விடை வந்தால்தான் அடுத்த பாடத்துக்குமுன் திருத்தித் தர இயலும், இடையூறு நேர்ந்தால் முன்னதாக எழுதுக” என்பதும் விதியே. கெடு இரண்டிலும் ஒன்றே. பின்னதில் காரணமும் வழியும் கூறப்பட்டுள்ளன. கிராமத்திலிருந்து வந்து, தன் குடும்பத்தில் முதன்முதல் கலாசாலையை எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு முன்னது கதவை அடைக்கிறது. பின்னது வழியைக் காட்டுகிறது.

இத்தகைய எழுத்து தானே வந்துவிடாது, பயிற்சி வேண்டும். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் இதற்கெனவே ஆசிரியர்களைப் பழக்குகின்றனர். வகுப்புத் தொடங்குமுன்னரே, கைப்பேசியில் எளிதிற் படிக்கத்தக்க ஒரு பக்கமும் ஆசிரியரின் சிறு காணொளி வரவேற்பும் மாணாக்கருக்கு அனுப்பும் முறை அங்கே பரவியுள்ளது. நம் நாட்டிலும் சாதனங்களுக்குக் குறைவில்லை. 2018-இல் ‘அர்ப்பித்’ என்னும் திட்டத்தால் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஸ்வயம் வழியே புத்தறிவுப் பயிற்சி தொடங்கப்பட்டது. 2023-இல் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஏற்பட்டது. அப்பயிற்சிகளில் இவ்விஷயத்துக்குச் சில தினங்களேனும் ஒதுக்கவேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பாடத்திட்டத்தை அங்கேயே திருத்தி எழுதுக. அதைக் கணினித் திரையிலன்றிக் கைப்பேசியிற் படித்துப் பார்க்க. கண்பார்வையற்ற மாணாக்கருக்குக் கருவி வாசித்துச் சொல்லும்போது படங்களின் பொருள் விளங்குகிறதா என்று சோதிக்க. எந்நேரம், எவ்வழியில் தம்மை அணுகலாம் என்பதை முதற்பக்கத்திலேயே தெரிவிக்க. இறுதியில் ஒரு மாணாக்கரிடம் கொடுத்து, புரியாத இடங்களைக் குறிக்கச் சொல்லுக.

எல்லாவற்றினும் முக்கியமானது பாஷை. பாடம் ஆங்கிலத்தில் நடப்பினும், தமிழ் வழியிற் பயின்று வந்த மாணாக்கருக்கு முதற்பக்கம் தமிழிலும் இருத்தல் வேண்டும். தாய்மொழியில் ‘வருக’ என்று சொல்லப் பொருட்செலவு ஏதுமில்லை.

பயிற்சித் திட்டங்களை வகுப்போர் வரும் கல்வியாண்டிலேயே இதனைக் கைக்கொள்வாராக. அரசாங்கம் தளத்தை அமைக்கலாம், விதியை இயற்றலாம். வாயிலில் நின்று பிள்ளைகளை அழைக்க வேண்டியவர் ஆசிரியரே.