சுவருக்குள் போகும் முன் எச்டிஎம்ஐ கேபிளைச் சோதித்துவிடுங்கள்

ஹாலில் புரொஜெக்டர் மாட்டப்போகிறீர்கள். பிளேயரும் ரிசீவரும் திரைக்குக் கீழே, புரொஜெக்டர் எதிர்ப்பக்கம் சீலிங்கில். நேராக அளந்தால் ஆறு மீட்டர்தான் இருக்கும். ஆனால் கேபிள் சுவரில் ஏறி, பீமைச் சுற்றி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடி இறங்க வேண்டும். கொஞ்சம் தளர்வும் விட்டால் 12 மீட்டர் ஆகிவிடும்.

அந்த நீளத்தில் அப்படி என்ன சிக்கல்? சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் படம் செம்புக் கம்பி வழியே மின் துடிப்புகளாகப் போகிறது. நீளம் கூடக் கூடத் துடிப்பு வலுவிழக்கும். பேண்ட்வித் (ஒரு நொடியில் கடத்த வேண்டிய தரவின் அளவு) கூடினால் இன்னும் சீக்கிரம் வலுவிழக்கும். பழைய 1080பி படத்தைச் சிரமமில்லாமல் காட்டிய 10 மீட்டர் கேபிள், 4கே வந்ததும் திணறுவது இதனால்தான்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பேண்ட்வித் வேண்டும்? சினிமாவும் கிரிக்கெட்டும் மட்டும் என்றால் நொடிக்கு 18 ஜிகாபிட் போதும். 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் அதற்குள் வந்துவிடும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றில் 120 ஃபிரேமில் விளையாடுவதென்றால் 48 ஜிகாபிட் கேபிளாகப் பாருங்கள்.

கடையில் எதைக் கேட்பது? ‘2.1 கேபிள்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். கேபிளின் வகைப் பெயர்தான் முக்கியம்: ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றால் 18 ஜிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48. இரண்டுக்குமே பெட்டியில் சான்று ஸ்டிக்கர் இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ அமைப்பின் செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

விலை கூடினால் படம் கூடுதல் தெளிவாக வருமா? வராது. இது டிஜிட்டல் சமிக்ஞை. ஒழுங்காக வந்து சேர்ந்தால் 500 ரூபாய் கேபிளிலும் 5,000 ரூபாய் கேபிளிலும் ஒரே படம்தான். கேபிள் தடுமாறினால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், சில நொடி திரை கறுத்து மீளும், அல்லது ‘நோ சிக்னல்’ வரும். படம் மங்கலாக இருக்கிறது, நிறம் வெளிறியிருக்கிறது என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை; டிவி அல்லது புரொஜெக்டர் செட்டிங்கைப் பாருங்கள்.

12 மீட்டருக்குச் செம்பு தாங்குமா? 48 ஜிகாபிட்டுக்குச் சாதாரணச் செம்புக் கேபிள் 5 மீட்டர் வரைதான். 18 ஜிகாபிட்டுக்கு ஏழெட்டு மீட்டர் வரை நல்ல கேபிள் ஓடும். அதற்கு மேல் உத்தரவாதமில்லை. ஆகவே உங்களுக்கு ஏற்றது ஆப்டிகல் எச்டிஎம்ஐ (படத்தை ஒளியாக மாற்றி மெல்லிய இழை வழியே அனுப்பும் கேபிள்).

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை பிளேயர் அல்லது ரிசீவர் பக்கம், ‘டிஸ்ப்ளே’ முனை புரொஜெக்டர் பக்கம். மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது. முழுவதையும் உருவி மறுபடி இழுக்க வேண்டியதுதான். இரண்டு, உள்ளே இருப்பது இழை. மூலையில் மடக்கி ஆணியடித்தால் முறிந்துவிடும்.

சோதனையைக் கேபிள் இழுப்பதற்கு முன்பே, தரையில் வைத்தே செய்யுங்கள். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். முதலில் டிவி அல்லது புரொஜெக்டரில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டை ‘என்ஹான்ஸ்டு’ நிலைக்கு மாற்றுங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்). இதை விட்டுவிட்டால் குறைந்த அளவு தரவே கேபிளில் ஓடும். கேபிள் சோதனையில் தேறிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்து, பிளேயரை 4கே, 60 ஃபிரேம், எச்டிஆர் என்று வைத்து, புரொஜெக்டரின் தகவல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே 3840 x 2160, 60 ஹெர்ட்ஸ் என்று வர வேண்டும். படம் தெரிவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கேபிள் திணறினால் சில கருவிகள் சொல்லாமலே 1080பி-க்கு இறங்கிவிடும்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டுக் காட்சிகள் நிறைந்த ஒரு படத்தை முழுதாக ஓடவிடுங்கள். பகல் காட்சியில் கண்ணுக்குத் தப்பும் வெள்ளைப் புள்ளி, கறுப்புத் திரையில் ஊசி முனைபோலப் பளிச்சென்று தெரியும். ஆப்டிகல் கேபிளின் பிளக்கில் மின்னணுச் சில்லுகள் உண்டு. அவை சூடேறிய பிறகுதான் சில கோளாறுகள் தலைகாட்டும். பத்து நிமிடச் சோதனை அதனால்தான் போதாது. நடுவே கருவிகளை அணைத்துப் போட்டு, இன்புட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் படம் தானாக வர வேண்டும்.

புள்ளி வந்தால் கேபிள்தான் காரணமா? ரிசீவரைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு குட்டை கேபிளால் இணைத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் நீளக் கேபிளைத் திருப்பிக் கொடுங்கள். மறையாவிட்டால் கருவியைக் கவனியுங்கள். புரொஜெக்டருக்குப் பதில் டிவி வைத்து, அதன் ஒலியை இ-ஆர்க் (டிவியிலிருந்து ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) மூலம் கேட்கப்போகிறீர்கள் என்றால் அதையும் சோதியுங்கள். எல்லா ஆப்டிகல் கேபிளிலும் அது கிடையாது.

இனி, கேபிள் ஓடப்போகும் பைப். என்னைக் கேட்டால் கேபிளைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். எந்தக் கேபிளும் ஒருநாள் பழுதாகும், அல்லது தரம் மாறிப் பழசாகும்; அப்போது சுவரை உடைக்காமல் மாற்ற வழி வேண்டும். எச்டிஎம்ஐ பிளக் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம், எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் முக்கால் அங்குலப் பைப்பில் அது நுழையவே நுழையாது. ஒன்றரை அங்குலப் பைப் கேளுங்கள். முனைகளில் குறுகலான எல்போ வேண்டாம், நீண்ட பெண்டு போடச் சொல்லுங்கள். கரண்ட் வயருக்கு வேறு பைப். வழியில் இணைப்பானோ சுவர் பிளேட்டோ வேண்டாம். ஒவ்வொரு இணைப்பும் சமிக்ஞையைக் கொஞ்சம் தின்றுவிடும்.

இழுக்கும்போது கயிற்றைப் பிளக்கில் கட்டாமல் கேபிளின் உடலில் கட்டச் சொல்லுங்கள். பிளக்கைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றுங்கள். கூடவே இன்னொரு நைலான் கயிற்றையும் பைப்புக்குள் விட்டுவையுங்கள், அடுத்த கேபிளை இழுக்க உதவும். இழுத்து முடித்ததும் முன்பு செய்த சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். அது தேறும்வரை சீலிங்கை மூடவோ பட்டி பார்க்கவோ விடாதீர்கள்.