முப்பத்தேழாயிரமும் எட்டாயிரமும்

முனைவர் பட்டத்திற்கான முழுநேர ஆய்வில் இருப்பவர் மாணவருமாகிறார், பாதி ஊழியருமாகிறார்; நல்கை பெறும் காலத்தில் ஊதியமுள்ள வேறு பணி எதையும் ஏற்கலாகாது என்பது விதியாதலால், அவருடைய உணவுக்கும் வாடகைக்கும் உரிய பணம் அந்நல்கையிலிருந்தே வந்தாக வேண்டும். இந்தியாவில் இத்தகைய நல்கைகளுள் பரவலாக அறியப்பட்டது, பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில், அதாவது நெட் தேர்வில், முன்வரிசையில் நிற்போருக்கு உரிய இளநிலை ஆய்வு நல்கை. ஆய்வாளர்களின் பேச்சில் அது ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு ஆண்டுகள் இப்பெயரில் வழங்கப்பட்டு, ஆய்வின் போக்கு மதிப்பிடப்பட்ட பின், எஞ்சிய மூன்று ஆண்டுகளுக்கு முதுநிலை நல்கையாக அது உயர்கிறது.

இத்தொகை 2010இல் மாதம் 16,000 ரூபாயாக இருந்து, 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000 என ஏறியது. முதுநிலையினருக்கு இப்போது 42,000. அரசு ஊழியரின் அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டைப் பின்பற்றி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்பட, ஆய்வாளரின் நல்கையோ அரசு ஆணையிடும் நாள்வரை அசையாமல் நிற்கிறது என்பதே இந்த ஏற்றத்தின் குறை. 2019ஆம் ஆண்டு உயர்வுக்கு முன் ஆய்வாளர்கள் நாடெங்கும் போராட வேண்டியிருந்தது; அவர்கள் கேட்டது 80 விழுக்காடு, கிடைத்தது 24 விழுக்காடு.

ஜே.ஆர்.எஃப். பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தோருக்கென 'நான்-நெட்' நல்கை என ஒன்றுண்டு. 2015 அக்டோபரில் அதை நிறுத்த மானியக் குழு முடிவெடுத்தபோது, தில்லியில் அதன் அலுவலக வாயிலில் மாணவர்கள் நாள்கணக்கில் அமர்ந்து போராடினர். அரசு பின்வாங்கியது, நல்கை பிழைத்தது. ஆனால் அன்று மாதம் 8,000 ரூபாயாக இருந்த அத்தொகை, ஜே.ஆர்.எஃப். அதன்பின் இருமுறை உயர்த்தப்பட்டபோதும் அதே எட்டாயிரமாகவே நின்றது. ஒரே துறையில், ஒரே நெறியாளரிடம், ஒரே ஆய்வகத்தில் உழைக்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவர் பெறுவதில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய தொகை கிடைப்பதற்கு, ஆய்வின் தரம் காரணமன்று. என்றோ எழுதிய ஒரு தேர்வின் மதிப்பெண்ணே காரணம்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் பயில்வோருக்கு அந்த எட்டாயிரமும் இல்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின வகுப்புகளைச் சேர்ந்த முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மாதக் கணக்கில் அதுவும் எட்டாயிரத்தைச் சிறிதே தாண்டும்.

அறிவித்த தொகை கைக்கு வந்து சேரும் வழியும் குறுகியதன்று. ஜே.ஆர்.எஃப். பெறுபவர் அம்மாதம் ஆய்வில் இருந்தார் என்பதை நெறியாளரும் துறையும் உறுதிசெய்து, பல்கலைக்கழகம் அதை இணையத்தில் பதிவேற்றிய பின்னரே பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. இவற்றுள் ஒரு மேசையில் கோப்பு தங்கினாலும் நிலுவை மாதங்கள் சேரத் தொடங்கும், விடுதியின் உணவுக் கட்டணமோ அதற்காகக் காத்திருப்பதில்லை.