துளை திருத்துங் கருவி

எந்திரங்களைக் காண்போர் அவற்றின் அச்சையும் சக்கரத்தையும் வியப்பரேயன்றி, அவை பொருந்தி நிற்குந் துளைகளைக் கருதுவது அரிது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையொன்றினை ‘எச் 7’ என்னும் பன்னாட்டு அளவின்படி ஆக்கவேண்டின், அது 10 மில்லிமீட்டரிற் குறைதலும் ஆகாது, அதற்குமேல் 0.015 மில்லிமீட்டரினும் மிகுதலும் ஆகாது. நம் தலைமயிரின் பருமன் இச்சிறு இடைவெளியினுஞ் சில மடங்கு பெரிது. சாதாரணத் துறப்பணத்தின் முனை சிறிது விலகியோடுமாதலின் இந்நுட்பம் அதற்கு எளிதிற் கைகூடாது. ஆதலின் துளையைச் சற்றுச் சிறிதாக இட்டுப் பின்னர் ‘ரீமர்’ என்னும் பல பற்களையுடைய கருவியாற் சீவி அளவுபடுத்துவர்.

ரீமர் துளையிடுவதன்று, துளை திருத்துவது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. அச்சுப்படி திருத்துவோர் எழுத்துப் பிழையைக் களைவரேயன்றிக் கட்டுரையின் போக்கை மாற்றுவாரல்லர். ரீமரும் அத்தன்மைத்தே. முன்னர் உள்ள துளையின் வழியே அது செல்லுமாகலின், விட்டத்தையும் வட்டத்தையும் உட்சுவரின் வழவழப்பையும் செம்மை செய்யும். கோணலாக இட்ட துளையை நேராக்காது.

முன்னாளில் இக்கருவி எஃகினாலேயே செய்யப்பட்டது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், வைட் என்னும் அமெரிக்கர் இருவர் காட்டிய விரைவெட்டு எஃகும் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தின் அளவிலே தன் கடுமையை இழக்கத் தொடங்கும். 1923-இல் பெர்லின் நகரத்து ஓஸ்ராம் விளக்குத் தொழிலகத்தைச் சார்ந்த கார்ல் ஷ்ரோட்டர் என்பார், டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டு முதலிய உலோகத்தோடு கலந்து அழுத்திச் சூளையிற் சுட்டு இறுகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். விளக்கின் டங்ஸ்டன் இழையை இழுத்தற்குரிய அச்சில் விலைமிக்க வைரத்திற்கு மாற்றுத் தேடியதன் பயனே அது. விளக்கொளியின் பொருட்டுத் தேடியது பட்டறைக்கு வாய்த்தமை காண்க! 1927-இல் லைப்சிக் சந்தையில் குருப் நிறுவனத்தார் இதனை ‘விடியா’ என்னும் பெயரால் வெளியிட்டனர். ‘வைரம் போன்றது’ என்னும் ஜெர்மானியத் தொடரின் சுருக்கம் அப்பெயர்.

இப்பொருளில் கார்பைடு மணிகளைக் கோபால்ட்டு சாந்துபோற் பிணித்து நிற்கும். வளையாமையில் இது எஃகினும் ஏறத்தாழ மும்மடங்கு திண்மையுடையது, ஆதலின் மெல்லிய ரீமரும் துளையுள் நெளியாது, விளிம்பு தேயாமல் நெடிது உழைக்கும், வேகமும் கூட்டலாம். ஆயின் கடுமையும் முறிவும் உடன்பிறந்தனபோலும்! பக்கத்தே சிறிது மோதினும் பல் தெறித்துவிடும். எனவே கருவியைப் பற்றுந் தண்டு சுழலும்போது ஒருசில மைக்ரானுக்குமேல் தள்ளாடாதபடி அளந்து அமைப்பர்.

10 மில்லிமீட்டர்த் துளையில் ரீமருக்கென விடுவது விட்டத்தில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையே. குறைத்துவிடின் பல் சீவாது உரசித் தேயும்; மிகுத்துவிடின் சுமை தாங்காது. பற்களைச் சமதூரத்தில் வையாது சற்று ஏறக்குறைய வைப்பதும் ஒரு நுட்பம்; அதனால் அதிர்வு தாளமாகத் திரண்டு சுவரில் அலைக்குறி விழுவது தவிரும். கருவியின் நடுவேயுள்ள நுண்வழியாகக் குளிர்நீர்மத்தைச் செலுத்திச் சீவல்களை அகற்றுவர்.

இத்துணை எச்சரிக்கை எதற்கெனின், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வால்வின் உடலை நோக்குக. துளை சில மைக்ரான் மிகின் எண்ணெய் கசியும். குறையின் உள்ளோடுந் தண்டு சிக்கும். வார்த்தும் கடைந்தும் பலர் உழைத்த பொருளின்மேல் ரீமர் பெரும்பாலும் இறுதியிலேயே வருகின்றது. அப்பொழுது பிழைப்பின் அவ்வுழைப்பெல்லாம் பழைய இரும்போடு சேரும். பணி முடிந்தபின் கருவியை வெளியே வாங்குங்காலும் பின்னோக்கிச் சுழற்றார். சுழற்றின், சீவல் சுவருக்கும் பல்லுக்கும் இடையே புகுந்து விளிம்பை உடைத்துவிடும்.